தன்மூச்சும் ஊட்டுமூச்சும்

மோட்டார் வண்டியின் பெருமையை ஓர் எண்ணால் அளந்துவிடுதல் இளைஞரிடையே பெருவழக்காக உள்ளது. விடுதித் திண்ணையில் இருவர் வண்டிகளைப் பற்றி வாதிடத் தொடங்கின், முதற்கண் எழும் வினா, "அதன் குதிரைத்திறன் எத்துணை?" என்பதே. விடையாக வரும் எண் பெரிதாயின் அவ்வண்டி உயர்ந்தது; சிறிதாயின் தாழ்ந்தது; வாதம் அத்துடன் முடிந்துவிடும். வண்டிகளை விற்போரும் இவ்வியல்பை நன்கறிந்து, அவ்வெண்ணையே பெரிய எழுத்தில் அச்சிட்டு நம் கண்முன் வைக்கின்றனர். அவ்வெண் பொய்யன்று. ஆயினும், எஞ்சின் எத்துணை விரைவாகச் சுழலும்போது அவ்வாற்றல் பெறப்பட்டது என்பதையும், அதனைப் பெறுதற்கு எவ்விலை கொடுக்கப்பட்டது என்பதையும் அவ்வெண் உரைப்பதில்லை. பெரும்பொருள் கொடுத்து வண்டி வாங்கும் ஒருவர் அறியவேண்டுவன இவ்விரண்டுமே. ஆகலின், தெருவில் ஓடும் வண்டிகளின் எஞ்சின்களில் தானே காற்றை உண்பது ஒன்றும், காற்று ஊட்டப்பெறுவது மற்றொன்றுமாக இரு வகையை எடுத்துக்கொண்டு, அவற்றின் ஆற்றலை ஒப்பிடும் முறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

தமிழ் பயிலும் மாணவராகிய யாம் எந்திரத்தைப் பற்றி எழுதுவது எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். எப்பொருளையும் தமிழிற் சொல்ல இயலும் என்று மேடையிற் கூறுதல் எளிது. ஒரு பொருளை எடுத்துச் சொல்லிக் காட்டுதலே அக்கூற்றுக்குச் சான்றாகும். சூப்பர்சார்ஜர் பூட்டப்பெறாத எஞ்சினைத் தன்மூச்சு எஞ்சின் என்றும், பூட்டப்பெற்றதனை ஊட்டுமூச்சு எஞ்சின் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம்.

எஞ்சின் உண்ணும் உணவு

ஜெர்மனி நாட்டு நிக்கோலஸ் ஓட்டோ என்பார் 1876-ஆம் ஆண்டில் இயக்கிக் காட்டிய நான்கடி முறையே இன்றும் பெட்ரோல் எஞ்சின்களுக்கு அடிப்படையாக உள்ளது. பிஸ்டன் கீழிறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுதல் முதலடி; மேலேறி அக்கலவையை அமுக்குதல் இரண்டாமடி; பொறிபட்டு எரிந்த கலவை பிஸ்டனைக் கீழே உந்துதல் மூன்றாமடி; எரிந்த புகையை வெளியே தள்ளுதல் நான்காமடி. இந்நான்கினுள் ஆற்றலைத் தருவது மூன்றாமடி ஒன்றே. எனினும், அவ்வடி எத்துணை ஆற்றல் தரும் என்பதை முதலடியே பெரிதும் வரையறுத்துவிடுகின்றது.

ஒரு கிராம் பெட்ரோல் முற்றும் எரிவதற்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை வேண்டிய அளவு செலுத்துதல் அரிதன்று. அது நீர்மப்பொருள் ஆகலின் சிறிய துளை வழியே மிகுதியாகச் செலுத்தலாம். காற்றோ இலேசானது, ஒரு லிட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிராமே. ஆகவே எஞ்சினின் ஆற்றலுக்கு எல்லை கட்டுவது காற்றேயாம். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரமுள்ள மலைமேல் வளியின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காகக் குறைந்துவிடுகின்றது. தன்மூச்சு எஞ்சினும் அங்கே ஏறக்குறைய அவ்வளவுக்கே தன் ஆற்றலை இழந்துவிடும். பெட்ரோலில் குறைவில்லை, காற்றிலேயே குறைவு.

ஒரு கணக்கால் இதனை விளக்குவோம். 1.6 லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் சிலிண்டர்களை நிரப்பிக்கொள்ளும். நிமிடத்துக்கு 6,000 சுற்றுச் சுழலும்போது அஃது 3,000 முறை நிரம்பும். அதாவது 4,800 லிட்டர் காற்றை உண்ணும். அதன் நிறை ஏறக்குறைய 5.8 கிலோ. இக்காற்றை உள்ளே தள்ளுவது பிஸ்டன் அன்று. பிஸ்டன் இடத்தை வெறுமையாக்குகின்றது. வெளியிலுள்ள வளி தன் அழுத்தத்தால் அவ்விடத்திற் புகுகின்றது. வழியிலுள்ள குழாய்களும் வால்வுகளும் அதனைத் தடுக்கின்றமையால், சிலிண்டர் பெரும்பாலும் முழுதும் நிரம்புவதில்லை.

ஆகலின் தன்மூச்சு எஞ்சினின் ஆற்றலைப் பெருக்க விரும்பும் பொறியாளருக்கு மூன்று வழிகளே முதன்மையாக உள்ளன. சிலிண்டர்களைப் பெரிதாக்கலாம், அல்லது எண்ணிக்கையிற் கூட்டலாம். எஞ்சினை மிக விரைந்து சுழலச் செய்து, நிமிடத்துக்குப் பன்முறை நிரம்புமாறு செய்யலாம். குழாய்களையும் வால்வுகளையும் திருத்திக் காற்றின் தடையைக் குறைக்கலாம். முதல் வழியால் எடை கூடும். இரண்டாவதனால் உறுப்புக்களின்மேல் விழும் சுமை கூடும். மூன்றாவது ஓரெல்லைக்குமேற் பயன் தராது.

துருத்தியின் பிறப்பு

நம் கொல்லர்கள் உலைக்களத்திற் செய்வதை நினைவு கூர்வோம். கரி தானே எரியும் தீ இரும்பை இளக்காது. துருத்தியால் காற்றை ஊதியவழி, அதே கரி வெண்மையாகக் கனன்று இரும்பை உருக்கும். சங்கப் புலவர்களும் உவமை கூறுதற்கு எடுத்தாண்ட பழங்கருவி அது. எஞ்சினுக்குப் பூட்டும் சூப்பர்சார்ஜரும் துருத்தியே.

இவ்வொப்புமை எம்முடைய கற்பனை மட்டும் அன்று. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கானர்ஸ்வில் என்னும் ஊரினராகிய பிலாண்டர் ரூட்ஸ், பிரான்சிஸ் ரூட்ஸ் என்னும் உடன்பிறந்தார் இருவர், 1860-ஆம் ஆண்டில் ஒரு காற்றூதிக்குக் காப்புரிமை பெற்றனர். 8 என்னும் எண்ணின் வடிவினையுடைய இரண்டு சுழலிகள், ஒன்றையொன்று தொடாமல் எதிர்த்திசையிற் சுழன்று, ஒருபக்கத்துக் காற்றை மறுபக்கத்துக்குத் தள்ளுவதே அதன் அமைப்பு. அஃது உலைகளுக்குக் காற்றூதவும், சுரங்கங்களிற் காற்றோட்டம் உண்டாக்கவும் பயன்பட்டது. எஞ்சினுக்குள் கலவையை மிகுதியாகச் செலுத்தும் கருத்தினைக் கோட்லீப் டைம்லர் 1885-ஆம் ஆண்டிலேயே காப்புரிமையாகப் பதிவு செய்தார். முதல் உலகப்போரில் உயரப் பறக்கும் விமானங்களுக்குக் காற்றூட்டும் முயற்சியால் இக்கலை வளர்ந்தது. 1921-ஆம் ஆண்டில் பெர்லின் கண்காட்சியில், விற்பனைக்குரிய இரண்டு மெர்ஸிடிஸ் வண்டிகள் சூப்பர்சார்ஜருடன் வைக்கப்பெற்றன.

அவ்விரண்டனுள் ஒன்றன் பெயர் 10/40/65 என்பதாம். முதலெண் வரி விதித்தற்குரிய குதிரைத்திறன். இரண்டாவது, காற்றூதி இயங்காதபோது எஞ்சின் தரும் ஆற்றல். மூன்றாவது, இயங்கும்போது தரும் ஆற்றல். அக்காலத்து மெர்ஸிடிஸ் வண்டிகளில் காற்றூதி எப்பொழுதும் இயங்குவதன்று. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டர் மிதியை முற்றும் அழுத்தும்போது மட்டும் அஃது எஞ்சினோடு இணையும். 1936-ஆம் ஆண்டில் வெளிவந்த 540கே என்னும் பெருவண்டியின் 5.4 லிட்டர் எஞ்சினும் இவ்வாறே 115 குதிரைத்திறனும் 180 குதிரைத்திறனும் தந்தது. சிறிது நேரம் மட்டுமே அதனை இணைத்து ஓட்டுதல் முறையாக இருந்தது. ஒரே எஞ்சினின் இருநிலை ஆற்றலையும் ஒருங்கே காட்டிய இவ்வெண்கள், நம் ஒப்பாய்வுக்கு மிகச் சிறந்த சான்றுகளாகும். ஒன்றில் நூற்றுக்கு 62 பங்கும், மற்றொன்றில் நூற்றுக்கு 56 பங்கும் ஆற்றல் கூடியிருத்தலைக் காண்க.

ஊட்டுதலின் விலை

இவ்வளவு ஆற்றல் விலையின்றிக் கிடைப்பதில்லை. அவ்விலையை மூன்றாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, காற்றூதியைச் சுழற்றுவது எஞ்சினே. கிராங்க் தண்டிலிருந்து பட்டையாலோ பற்சக்கரத்தாலோ அதற்கு விசை செல்லுகின்றது. வருவாயில் ஒரு பகுதி அதனை ஈட்டுதற்கே செலவாகின்றது என்க.

இரண்டாவது வெப்பம். காற்றை அமுக்கினால் அது சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை யாவரும் அறிவர். 27 பாகை வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், பிறிதோர் இழப்பும் இல்லையென்று கொண்டாலும், அதன் வெப்பம் ஏறக்குறைய 64 பாகையாகும். சூடேறிய காற்று விரியுமாதலால், அழுத்தம் பாதி கூடியும் அடர்த்தி மூன்றில் ஒரு பங்கே கூடும். மெய்யான காற்றூதிகளிற் சூடு இதனினும் மிகும். இதனைத் தணித்தற்காகவே காற்றூதிக்கும் சிலிண்டருக்கும் இடையே ரேடியேட்டர் போன்றதொரு குளிர்விப்பான் பிற்காலத்திற் சேர்க்கப்பட்டது.

மூன்றாவது, எஞ்சின் தட்டுதல். அடர்ந்து சூடேறிய கலவை, பொறியினின்று பரவும் தீ வந்தடையுமுன் தானே வெடித்துப் பிஸ்டனை அறையும். இதனைத் தவிர்த்தற்கு, இரண்டாமடியிற் பிஸ்டன் அமுக்கும் விகிதத்தைப் பொறியாளர் குறைப்பர். அவ்விகிதம் குறையின், ஒவ்வொரு துளி பெட்ரோலினின்றும் பெறும் பயனும் குறையும். மெதுவாகச் செல்லும்போதும் இக்குறை நீங்காது.

பென்ட்லி வண்டிகளின் வழக்கு

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது என்னும் வினா இங்கிலாந்தில் ஒரே தொழிற்சாலையின் வண்டிகளிடையே ஒரு காலத்தில் எழுந்தது. டபிள்யூ. ஓ. பென்ட்லி என்பார் இளமையில் ரயில் தொழிற்சாலையிற் பயின்றவர். 4,398 கன சென்டிமீட்டர் கொண்ட அவருடைய நான்கு சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறைய 110 குதிரைத்திறன் தந்தது. இன்னும் ஆற்றல் வேண்டுமாயின் எஞ்சினைப் பெரிதாக்குக என்பது அவர் கொள்கை. ஸ்பீட் சிக்ஸ் என்னும் வண்டியில் அவர் அமைத்த எஞ்சினின் அளவுகள் இக்கொள்கையை நன்கு காட்டுகின்றன. சிலிண்டரின் அகலமும் பிஸ்டன் செல்லும் நீளமும் முன்னதற்கும் இதற்கும் ஒன்றே; சிலிண்டர்கள் மட்டும் நான்கு ஆறாயின. கொள்ளளவு சரியாக ஒன்றரை மடங்காகி 6,597 கன சென்டிமீட்டர் ஆயிற்று. ஆற்றல் 180 குதிரைத்திறன் ஆயிற்று.

பந்தய வீரராகிய டிம் பர்க்கின் வேறுவழி கருதினார். நான்கு சிலிண்டர் எஞ்சினையே வைத்துக்கொண்டு, ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வகுத்த காற்றூதியை ரேடியேட்டரின் முன்னே பூட்டினார். பென்ட்லி இதனை உடன்பட்டாரல்லர். ஆயினும் டாரதி பேஜட் என்னும் செல்வப் பெருமாட்டியின் பொருளுதவியால் பர்க்கினின் பந்தய வண்டிகள் உருவாயின. விற்பனைக்கென 50 வண்டிகளும் செய்யப்பட்டன. தெருவில் ஓடும் அவ்வண்டியின் ஆற்றல் 175 குதிரைத்திறன். இரு வழிகளும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து முடிந்தமை காண்க. ஒருவர் இடத்தைப் பெருக்கினார்; மற்றவர் அவ்விடத்தை நிரப்பும் காற்றைப் பெருக்கினார்.

பந்தயத்துக்கெனத் திருத்தப்பட்டபோது ஊட்டுமூச்சு எஞ்சின் ஏறக்குறைய 240 குதிரைத்திறனும், ஸ்பீட் சிக்ஸ் ஏறக்குறைய 200 குதிரைத்திறனும் பெற்றன. 1930-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெ மான் நகரில் நிகழ்ந்த 24 மணி நேரப் பந்தயத்தில் இவை ஒருங்கே ஓடின. அவற்றோடு காற்றூதி பூட்டிய மெர்ஸிடிஸ் ஒன்றும் போட்டியிட்டது. மெர்ஸிடிஸ் இரவிலே நின்றது. பர்க்கின் அணியின் இரு வண்டிகளும் முடிவுவரை ஓடவில்லை. முதலிடமும் இரண்டாமிடமும் ஸ்பீட் சிக்ஸ் வண்டிகளுக்கே உரியவாயின. எண்ணிற் பெரியது களத்தில் நிலைக்கவில்லை.

இதனால் ஊட்டுமூச்சு தாழ்ந்தது என்று துணிதல் பொருந்தாது. அதே ஆண்டில் போ நகரில் நடந்த பிரெஞ்சுப் பெரும்பந்தயத்தில் பர்க்கின் அக்கனத்த வண்டியை ஓட்டி இரண்டாமிடம் பெற்றார். அவருடைய ஒற்றையிருக்கைப் பந்தய வண்டி 1932-இல் புரூக்லாண்ட்ஸ் ஓடுபாதையில் மணிக்கு 137.96 மைல் விரைவு எய்தியது. உச்ச ஆற்றல் வேறு, அவ்வாற்றலை நெடுநேரம் தாங்கும் உறுதி வேறு என்பதே இவ்வழக்கால் யாம் கொள்ளும் பொருளாகும்.

தெருவில் நிகழும் ஒப்பீடு

பந்தயக் களத்தை விட்டு அன்றாடத் தெருவுக்கு வருவோம். 2001-ஆம் ஆண்டு முதல் விற்பனையான மினி கூப்பர், அடுத்து வந்த கூப்பர் எஸ் என்னும் இரு சிறு வண்டிகளும் ஒரே 1,598 கன சென்டிமீட்டர் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டவை. கூப்பர் தன்மூச்சுடையது, கூப்பர் எஸ் ரூட்ஸ் வகைக் காற்றூதி பூட்டியது. கூப்பரின் உச்ச ஆற்றல் 116 குதிரைத்திறன். கூப்பர் எஸ் தொடக்கத்தில் 163 குதிரைத்திறன் தந்தது. இரண்டும் நிமிடத்துக்கு 6,000 சுற்றிற் பெறப்பட்டவை. கூடுதல் நூற்றுக்கு 40 பங்கு.

இவ்வேறுபாடு தெருவில் எவ்வாறு தோன்றும் என்பதை அறிய, முறுக்குவிசை என்னும் மற்றோர் அளவு வேண்டும். தண்டினைத் திருகும் வலிமையே முறுக்குவிசை. அதனைச் சுழற்சி விரைவாற் பெருக்கக் கிடைப்பதே ஆற்றல். நியூட்டன் மீட்டரிலுள்ள முறுக்குவிசையை நிமிடச் சுற்றாற் பெருக்கி 9,550 ஆல் வகுத்தால் ஆற்றல் கிலோவாட்டில் வரும். கூப்பர் எஸ் 4,000 சுற்றில் 210 நியூட்டன் மீட்டர் தருகின்றது. கணக்கிடின் 88 கிலோவாட்; ஏறக்குறைய 120 குதிரைத்திறன். கூப்பரின் முறுக்குவிசை எந்நிலையிலும் 149 நியூட்டன் மீட்டரைக் கடவாது. ஆகலின் 4,000 சுற்றில் அஃது 85 குதிரைத்திறனுக்கு மேல் தருதல் இயலாது. தன் உச்சமாகிய 6,000 சுற்றிலே கூப்பர் ஈட்டுவதனினும் மிகுதியை, மற்றது 4,000 சுற்றிலேயே ஈட்டிவிடுகின்றது. நகரத் தெருவிலும் நெடுஞ்சாலையிலும் எஞ்சின் பெரும்பாலும் நடுத்தரச் சுற்றுக்களிலேயே இயங்குவதால், ஓட்டுநர் உணரும் வேறுபாடு இதுவேயாம்.

இதற்கு மறுதலையாக, 1999-இல் வெளிவந்த ஹோண்டா எஸ்2000 என்னும் வண்டியை நோக்குவோம். அதன் 2 லிட்டர் தன்மூச்சு எஞ்சின், ஐரோப்பாவில் விற்ற வடிவில் 240 குதிரைத்திறனைத் தந்தது. எண்ணால் அளப்பின் கூப்பர் எஸ் அதன் அருகே நிற்கவும் தகாது. ஆனால் ஹோண்டாவின் மிகப்பெரிய முறுக்குவிசை 208 நியூட்டன் மீட்டரே. அஃதும் 7,500 சுற்றிலே கிடைப்பது. உச்ச ஆற்றலோ 8,300 சுற்றிலே கிடைப்பது. 4,000 சுற்றில் இரண்டையும் நிறுத்தி ஒப்பிடின், பெரிய எஞ்சினாகிய ஹோண்டா சிறிய கூப்பர் எஸ்ஸை விஞ்சுதல் இயலாது. ஒன்று ஊட்டத்தாற் பெற்றதனை மற்றொன்று விரைந்த சுழற்சியாற் பெறுகின்றது. எஞ்சினைச் சுழற்றியும் கியரை மாற்றியும் ஓட்டுதலில் மகிழ்வோர்க்கு ஹோண்டா இனிது. மெல்ல மிதித்தவுடன் வண்டி முன்செல்ல வேண்டுவோர்க்கு மற்றது இனிது.

கூடுதல் ஆற்றல் எதற்குப் பயன்படும் என்பதும் எண்ணத்தக்கது. நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவை எய்தக் கூப்பருக்கு 9.2 விநாடியும் கூப்பர் எஸ்ஸுக்கு 7.4 விநாடியும் ஆகும். உச்ச வேகமோ 200, 218 கிலோமீட்டரே. காற்றின் தடையை வெல்ல வேண்டும் ஆற்றல், வேகத்தின் மும்மடிப்படி உயர்வதால், நூற்றுக்கு 40 பங்கு கூடிய ஆற்றல் உச்ச வேகத்தை நூற்றுக்கு 9 பங்கே உயர்த்தியது. இவ்வொப்பீட்டில் கூப்பர் எஸ்ஸுக்கு ஆறு கியர், கூப்பருக்கு ஐந்து என்னும் வேறுபாட்டையும் மறத்தலாகாது.

விலையையும் காண்போம். கூப்பரின் அமுக்க விகிதம் 10.6, கூப்பர் எஸ்ஸினுடையது 8.3. ஓட்டோ முறையின் இலட்சியக் கணக்கின்படி வெப்பத்தை வேலையாக்கும் பயன், முன்னதில் நூற்றுக்கு 61 பங்கு. பின்னதில் 57 பங்கு. மெய்யான எஞ்சின் இரண்டும் இவ்வளவை எட்டாவெனினும் வேறுபாட்டின் திசை இதுவே. சுமை குறைந்தபோது காற்றைச் சுற்றிவிடும் வால்வு ஒன்று கூப்பர் எஸ்ஸில் உண்டு. அது செலவைச் சிறிது தணிக்கும், போக்காது. பட்டை, காற்றூதி, குளிர்விப்பான் ஆகியன பழுதுபார்க்க வேண்டிய உறுப்புக்களின் தொகையையும் கூட்டுகின்றன. அடுத்த தலைமுறைக் கூப்பர் எஸ்ஸில் இக்காற்றூதி நீக்கப்பட்டு, வெளியேறும் புகையின் விசையாற் சுழலும் டர்போசார்ஜர் வைக்கப்பட்டது. இக்காலத்தில் காற்றூட்டப்பெறும் தெருவண்டிகளிற் பெரும்பாலானவை அவ்வகையினவே. கிராங்க் தண்டின் விசையை நேரே செலவிடாமை அதன் சிறப்பு. புகை விசை திரளும்வரை சிறிது தாமதித்தல் அதன் குறை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன சில. ஒரே அளவுள்ள எஞ்சினுக்குக் காற்றூட்டினால் உச்ச ஆற்றல் கூடும் என்பது ஐயமின்றி விளங்கும். யாம் கண்ட சான்றுகளில் அக்கூடுதல் நூற்றுக்கு 40 முதல் 62 வரை இருந்தது. அதனினும் பெரிய பயன் நடுத்தரச் சுற்றுக்களில் விளைகின்றது. தன்மூச்சு எஞ்சினோ உறுப்பிற் குறைந்தது. உயர்ந்த அமுக்க விகிதத்தைத் தாங்குவது. ஒரே சீராகச் செல்லும் பயணத்திற் சிக்கனமானது.

ஆகலின், இனி வண்டி வாங்கப் புகும் நண்பர் ஒருவர் நம்மிடம் கருத்துக் கேட்பாராயின், "குதிரைத்திறன் எத்துணை?" என்னும் வினாவோடு நில்லாமல், மேலும் மூன்று வினாக்களைக் கேட்குமாறு கூறுவோமாக. அவ்வாற்றல் எத்தனை சுற்றிற் கிடைக்கின்றது? நாள்தோறும் ஓட்டும் சுற்றுக்களில் முறுக்குவிசை எவ்வளவு? அதற்கு எரிபொருளாகவும் பழுதுபார்க்கும் கூலியாகவும் தரவேண்டிய விலை யாது? நாள்தோறும் 60 கிலோமீட்டர் சமநெறியிற் செல்லும் ஆசிரியருக்கு உரிய விடை வேறு. சுமையேற்றி மலைப்பாதையில் ஏறுபவருக்கு உரிய விடை வேறு. 1921-ஆம் ஆண்டின் மெர்ஸிடிஸ் வண்டி, ஊதியோடு இவ்வளவு, ஊதியின்றி இவ்வளவு என்று தன் பெயரிலேயே இரண்டையும் எழுதிக்கொண்டு நின்றது. விற்போர் இன்று அங்ஙனம் எழுதாவிடினும், வாங்குவோராகிய நாம் கேட்டறிதல் நம் கடனாகும்.